காபன் தடி: முன்கையை மனதில் வைத்து ஒரு மதிப்பீடு

கொழும்பின் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் மரைன் டிரைவ் என்னும் கடலோரத் தெருவைப் பார்த்து நிற்கும் தொடர்மாடிகளின் யன்னல்களைக் கழுவுவதே என் தொழில். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் உப்பு கண்ணாடியில் படிந்து பால்போல் வெளுத்துவிடும். ஏணி வைக்க இடமில்லாத ஒடுக்கமான வாகனத் தரிப்பிடங்களில் நின்றுகொண்டு, மூன்றாம் மாடி வரை தடியால்தான் எட்ட வேண்டும். இந்த வேலையில் முதலில் கெடுவது முதுகு என்று பலர் நினைக்கிறார்கள். எங்களிடம் முதலில் கெடுவது முன்கை. என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருநாள் மாலை, "அண்ணா, தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை" என்றான். முழங்கையின் வெளிப்பக்க எலும்பைத் தொட்டாலே துடித்தான். டெனிஸ் எல்போ என்று வைத்தியர் சொன்னார். மணிக்கட்டைப் பின்னோக்கி மடித்தபடி ஒரு பொருளை ஓயாமல் இறுக்கிப் பிடித்தால், முழங்கையில் வந்து சேரும் தசைநாண் நொந்துபோகிறது. அதற்கு டெனிஸ் மட்டை அவசியமில்லை.

அதனால்தான் தண்ணீர் ஓடும் காபன் இழைத் தடி ஒன்றை வாங்கினேன். ஒன்றுக்குள் ஒன்று செருகிய துண்டுகளை இழுத்து நீட்ட வேண்டும்; தண்ணீர் உள்ளே ஏறி நுனியிலுள்ள பிரஷுக்குப் போகும். ஏறத்தாழ ஆறு மீற்றர் நீளும். வெறும் தடி ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். முன்பு பாவித்தது பழைய சோனகத் தெருவில் வாங்கிய அலுமினியத் தடி.

இந்தத் தடியின் பெரிய நன்மை எடைக்குறைவு அல்ல, வளையாமை. அலுமினியத் தடியை முழுக்க நீட்டினால் நுனி ஆடும். பிரஷ் எங்கே போகிறது என்பதைக் கை தீர்மானிப்பதில்லை, ஆட்டம் தீர்மானிக்கிறது. அதை அடக்க விரல்கள் தாமாகவே இறுகுகின்றன. தசை தளராமல் இறுகியே இருந்தால் அதற்குள் இரத்தம் சரியாக ஓடுவதில்லை. முன்கை கல்லாகிவிடும். காபன் தடி ஆடாததால் விரல்களைத் தளர்த்திவிட முடிகிறது. முதல் வாரத்திலேயே தம்பியின் பிடியில் இந்த மாற்றத்தைக் கண்டேன். மேல் கையைத் தடியைச் சுற்றி வளையம்போல் வைத்து வழிகாட்ட மட்டும் விடுகிறான். தள்ளுவதும் இழுப்பதும் இடுப்பளவில் உள்ள கீழ்க் கையின் வேலை. அந்த உந்துதலும் கால்களிலிருந்து வருகிறது: ஒரு பாதம் முன்னே, ஒரு பாதம் பின்னே, உடல் முன்னும் பின்னும் சாய்கிறது.

எடையைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். ஈரமான பிரஷ் அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். தடியைச் சாய்க்கும்போது பிரஷ் உங்கள் மேல் கைக்கு நேர் மேலிருந்து ஒரு மீற்றர் முன்னால் தள்ளி நிற்கிறது. இரு கைகளுக்கும் இடையே கிடையாக அளந்தால் அரை மீற்றர் என்றால், அந்தப் பிரஷுக்காக மட்டும் கீழ்க் கை ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்குக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும், மேல் கை அதையும் பிரஷையும் சேர்த்துத் தாங்க வேண்டும். தடியின் சொந்த எடை இதற்கு மேல். கைகளை அகல விரித்தால் சுமை குறையும், நெருக்கிப் பிடித்தால் கூடும். நுனியில் குறையும் நூறு கிராம், அடியில் குறையும் நூறு கிராமைவிடப் பல மடங்கு பெறுமதியானது. ஆகவே இலேசான தடியை வாங்கிவிட்டு அதன் தலையில் கனமான அகலப் பிரஷைப் பூட்டினால் கொடுத்த காசு வீண். பிரஷ் கண்ணாடியில் சாய்ந்திருக்கும்போது சுமையின் ஒரு பங்கைக் கண்ணாடி ஏற்றுக்கொள்கிறது. அதனால் ஒரு யன்னலிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, முடிந்தவரை தூக்காமல் சுவரோடு வழுக்கியே கொண்டுபோகச் சொல்கிறேன்.

இந்தத் தடியில் எனக்கு மிகவும் பிடித்த விடயம், அடித் துண்டுகளைக் கழற்றிவிட முடிவது. இரண்டாம் மாடிக்கு முழுத் தடியும் எதற்கு? தடித்த அடித் துண்டு இரண்டைக் கழற்றி வைத்தால் எடையும் போகிறது, பிடியின் பருமனும் குறைகிறது. இறுக்கிப் பிடிக்கும் கருவிகளின் பிடிக்கு 30 முதல் 50 மில்லிமீற்றர் வரையான விட்டம் ஏற்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். சிறிய கை உள்ளவர்களுக்கு அதன் மேல் எல்லையே அதிகம். எங்கள் குழுவில் உள்ள அக்காவுக்கு அடித் துண்டு விரல்களுக்குள் அடங்கவில்லை. இதை இந்தத் தடியின் குறையாகவே சொல்வேன். முழு நீளம் தேவைப்படும் யன்னல்களை அவருக்குக் கொடுப்பதில்லை.

நீட்டிய துண்டுகளைப் பூட்டி நிறுத்தும் கிளாம்ப்கள் நன்று. விரல் நுனியால் திறக்கலாம். ஆனால் கடற்கரை மணல் உள்ளே போனால் அவை இறுகிவிடுகின்றன, பெருவிரலால் நெம்ப வேண்டிவருகிறது. நாள் முடிவில் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. பிரஷின் கழுத்துக் கோணத்தை மாற்றும் திருகை மேலே அனுப்புவதற்கு முன்பே தரையில் வைத்துச் சரிசெய்துவிட வேண்டும். கோணம் பிழைத்தால் அதை மணிக்கட்டு முறுக்கி ஈடுகட்டும். நேராக நிற்கும் மணிக்கட்டுக்குத்தான் நாள் முழுக்க வேலை செய்யும் தெம்பு இருக்கும்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் கை நோவின் பாதி அங்கேதான் இருக்கிறது. காய்ந்த உப்பை அழுத்தித் தேய்க்க வேண்டாம். முதலில் ஒரு வரிசை யன்னல்கள் முழுவதையும் நனைத்துவிட்டு, தொடக்கத்துக்குத் திரும்பி வந்து தேய்த்தால், பிரஷ் தன் எடையிலேயே அழுக்கை வாரிக்கொண்டு வரும். கனிமங்கள் நீக்கிய தண்ணீர் என்றால் காயும்போது புள்ளி விழாது. வைப்பரால் வழிக்கத் தேவையில்லை, கைக்கு ஒரு வேலை மிச்சம்.

கொழும்பின் வெக்கையில் உள்ளங்கை வியர்த்து வழுக்கும். வழுக்கினால் இறுக்குவோம். தடித்த றப்பர் கையுறை இதற்குத் தீர்வல்ல, அதைப் போட்டால் இன்னும் பலமாகப் பிடிக்க வேண்டிவரும். டெனிஸ் மட்டைப் பிடியில் சுற்றும் மெல்லிய நாடாவைப் பிடிக்கும் இடங்களில் சுற்றியிருக்கிறோம். பக்கம் மாற்றுவதும் முக்கியம். வலது கை மேலே இருந்தால் அடுத்த வரிசைக்கு இடது கை மேலே. பழகும்வரை எல்லோரும் முறைப்பார்கள். முறைக்கட்டும், நான் விடுவதில்லை.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. காபன் இழை மின்சாரத்தைக் கடத்தும். எங்கள் ஒழுங்கைகளில் மின்கம்பிகள் பல்கனிகளுக்கு எவ்வளவு அருகில் ஓடுகின்றன என்பது உங்களுக்கே தெரியும். கம்பி எட்டும் தூரத்தில் இருந்தால் அந்த யன்னலை நாங்கள் தடியால் தொடுவதில்லை. கண்ணாடியிழைத் தடி பாதுகாப்பானது என்று சிலர் சொல்வார்கள். நனைந்து உள்ளே தண்ணீர் ஓடும் எந்தத் தடியையும் அந்த இடத்தில் நம்பாதீர்கள்.

விலை அலுமினியத்தைப் போலப் பல மடங்கு. தரைத்தளக் கடைக் கண்ணாடி மட்டும் துடைப்பவருக்கு இது வேண்டாம், ஒன்றரை மீற்றர் அலுமினியத் தடியே போதும். இரண்டு மாடிக்கு மேல், நாள்தோறும், கூலிக்கு ஆள் வைத்துச் செய்பவர் என்றால் வாங்குங்கள். பணம் முழுதாக இல்லையென்றால் நீளமான அலுமினியத்தைவிட நீளம் குறைந்த காபனைத் தெரிவுசெய்யுங்கள். கடையில் முழு நீளத்துக்கு நீட்டி, பிரஷையும் பூட்டி, எதிர்ச் சுவரில் ஓர் ஆணியைத் தொட்டுப் பாருங்கள். தொடுவதற்கு விரல் இறுகுகிறதா என்று கவனியுங்கள். உதிரி கிளாம்ப் தனியாகக் கிடைக்குமா என்பதையும் பணம் கொடுக்கும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.