பதினேழு கோடும் ஓர் இஞ்சு டேப்பும்: திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டை எதுவரை உதவும்?

தலையில் நீர் கோத்தோ, மண்டையோட்டு இடைவெளி வழியே மூளை பையாகத் தள்ளியோ பிறந்த பிள்ளையை மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தில் பலரும் எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆபரேஷன் முடிந்ததும் வரும் கேள்வி ஒன்றே: "பிள்ளை நடக்குமா, பேசுமா?" அதற்குப் பதில் தேடும்போது கைக்கு வரும் எளிய கருவி டி.டி.எஸ்.சி. (திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டை) என்னும் ஒற்றைத் தாள். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கி 1991-இல் வெளிவந்தது.

தாளில் பிறப்பு முதல் 24 மாதம் வரைக்கும் 17 கோடுகள்; ஒவ்வொரு கோடும் பிள்ளை செய்ய வேண்டிய ஒரு செயலுக்கு. கோட்டின் வலது முனை, நூற்றில் 97 பிள்ளைகள் அந்தச் செயலைச் செய்துவிடும் வயது. உங்கள் பிள்ளையின் வயதில் ஒரு பென்சிலை நெட்டுக்குத்தாக வையுங்கள். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன கோடுகளில் ஒன்று தவறினாலும் மேல்சோதனை வேண்டும். பேனா, மணி, பந்து, பொம்மை இருந்தால் போதும். பத்து நிமிடம்கூட ஆகாது. இந்த எளிமைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

பிழை வருவது பெரும்பாலும் வயதில். 34 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு இப்போது 9 மாதம் என்றால், முந்திய 6 வாரத்தைக் கழித்துப் பென்சில் ஏழரை மாதத்தில் நிற்க வேண்டும். இன்னொன்று, மணியைப் பிள்ளையின் கண்ணெதிரே ஆட்டுவது. அது மணியைப் பார்த்துத் திரும்பினால் காது கேட்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். மணி கண்ணுக்குத் தெரியாமல் பக்கவாட்டில் ஒலிக்க வேண்டும்.

இனி முக்கியமான குறை. பதினேழில் எட்டு, தலை நிற்பது, கவிழ்வது, உட்கார்வது, நிற்பது, நடப்பது பற்றியவை. பேச்சுக்கு இருப்பதோ "இரண்டு சொல் சொல்லும்" என்ற ஒரே கோடு. நீர் கோத்துத் தலை கனத்த பிள்ளைக்குக் கழுத்து நிற்கத் தாமதமாகும். அது கனத்தால் வந்த தாமதமாகவும் இருக்கலாம், புத்தி மந்தம் என்று அதை வைத்தே முடிவு கட்டுவது அநியாயம். மறுபக்கம், மூளையின் இரு பாதியை இணைக்கும் பாலம் மட்டும் இல்லாமல் பிறந்த பிள்ளை எல்லாக் கோட்டையும் தாண்டிவிட்டு, பள்ளி வயதில் கணக்கிலும் கூடிப் பழகுவதிலும் திணறக்கூடும். டென்வர் என்னும் இன்னொரு வளர்ச்சிச் சோதனையோடு ஒப்பிட்டபோது இந்த அட்டை பிடித்தது தாமதமுள்ளவர்களில் 66.8 சதவீதம்; மூன்றில் ஒருவர் நழுவுகிறார். ஆகவே மூளை அமைப்பிலேயே கோளாறு உள்ள பிள்ளை அட்டையில் தேறினாலும் தொடர்ந்து பார்த்தே ஆக வேண்டும்.

அட்டையோடு இழுபடாத ஓர் இஞ்சு டேப்பும் வேண்டும். புருவத்துக்கு மேலே, பின்மண்டை மேட்டைச் சுற்றி, மூன்று முறை அளந்து பெரிய அளவை எழுதுங்கள். நிறைமாதப் பிள்ளைக்குப் பிறக்கையில் ஏறக்குறைய 35 செ.மீ.; முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2, அடுத்த மூன்று மாதம் 1, பிறகு ஓராண்டு வரை அரை செ.மீ. மூளையில் தேங்கும் நீரை வெளியேற்றும் ஷன்ட் குழாய் வைத்த பிறகும் அளவு மறுபடி வேகமாக ஏறினால், உச்சிக்குழி புடைத்தால், வாந்தியும் தூக்கமுமாகக் கிடந்தால், கருவிழி கீழே இறங்கி நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மண்டையோட்டு இணைப்பு முன்கூட்டியே மூடித் தலை படகுபோல நீண்டிருந்தால் சுற்றளவு மட்டும் ஏமாற்றும். தலையின் வடிவத்தையும் பார்க்க வேண்டும்.

பின்னாளைச் சொல்லும் துப்பு அதிகம் கிடைப்பது எம்.ஆர்.ஐ.யில்தான். தள்ளிய பைக்குள் மூளைத் திசு எவ்வளவு, கூடவே நீர்க்கோவை உண்டா, தலை சிறுத்திருக்கிறதா, வலிப்பு உண்டா என்பவை கணக்கில் வரும். பை பின்மண்டையில் இருப்பதைவிட நெற்றி, மூக்குப் பக்கம் இருந்தால் பொதுவாக நிலைமை மேல். அட்டையில் தவறிய பிள்ளைக்கு டி.ஏ.எஸ்.ஐ.ஐ. என்னும் விரிவான வளர்ச்சிச் சோதனை கேளுங்கள்: உடலியக்கத்துக்கு 67 செயல்கள், அறிவுக்கு 163 எனப் பிரித்துப் பார்ப்பதால், கால் பலவீனமும் புரிதலும் ஒன்றாகக் குழம்பாது. ஆனால் அதன் முடிவு வரட்டும் என்று பிசியோதெரபியைத் தள்ளிப்போடாதீர்கள். அட்டையில் தவறிய வாரமே தொடங்கலாம்.