248 வெள்ளி போச்சு: மல்டிமீட்டர் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

248 சிங்கப்பூர் வெள்ளி. தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். மீட்டர் விற்றவன் என் நம்பரை பிளாக் செய்தது இன்று காலையில்தான், வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நல்ல மல்டிமீட்டரை, அதாவது வோல்ட், ஆம்பியர், ஓம்ஸ் எல்லாம் அளக்கும் கருவியை, எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் எலக்ட்ரீஷியன். ஹோட்டல், ஆபீஸ் கட்டடங்களில் மெயின்டனன்ஸ் வேலை. பழைய மீட்டரின் டயல் தேய்ந்து, ஓம்ஸில் வைத்தால் வோல்ட்டுக்குத் தாவ ஆரம்பித்திருந்தது. அதை வைத்துக்கொண்டு போர்டு முன்னால் நிற்க முடியாது. எனக்கு வேண்டியது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த அந்த மஞ்சள் மீட்டர். ட்ரூ ஆர்எம்எஸ் (அலை எப்படி இருந்தாலும் வோல்ட்டைச் சரியாகக் காட்டுவது), கேட் த்ரீ 600 வோல்ட் (கட்டடத்தின் மின்போர்டில் வைத்துப் பார்க்கத் தகுந்த பாதுகாப்புத் தரம்). கடையில் முந்நூற்றுச் சொச்சம் சொன்னார்கள். பழசும் புதுசும் விற்கும் ஆப் ஒன்றில் 248க்குப் போட்டிருந்தான். "புத்தம் புதுசு, சீல் பிரிக்காதது, ப்ராஜெக்ட் முடிஞ்சு மிச்சம்." ப்ராஜெக்ட் முடிந்தால் கம்பெனிகள் இப்படித் தள்ளிவிடுவது சகஜம்தான். "சல்லிசா கிடைக்குதேன்னு விழுந்துட்டே" என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: 248 ஒன்றும் அடிமாட்டு விலை இல்லை.

ஆங்கிலத்தில்தான் மெசேஜ் போட்டேன். என் பெயரைப் பார்த்ததும் "அண்ணே, தமிழா?" என்று கேட்டான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எல்லாம் அண்ணேதான். துவாஸ் பக்கம் சைட்டில் வேலை பார்த்தானாம், இப்போது சொந்தமாகச் சின்ன வியாபாரமாம். கேட்காமலே ஒரு வீடியோ அனுப்பினான். அதே லாட்டில் பிரித்த ஒரு மீட்டராம். 13 ஆம்பியர் ப்ளக் பாயிண்டில் ப்ரோபைச் செருகுகிறான், திரையில் 231.4 வருகிறது. பின்னால் நம்ம தமிழ் ரேடியோ ஒலி 96.8 ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைப்பீர்களா இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் சந்தித்தோம். பக்கத்து காப்பிக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தான், என்னைக் காசு எடுக்கவே விடவில்லை. "ஆப்ல கட்டினா அவன் கமிஷன் வெட்டிக்குவான், நமக்குள்ள எதுக்குண்ணே? பேநவ்ல போட்டுடுங்க." பேநவ் என்றால் போன் நம்பருக்கே பேங்கிலிருந்து நேராகப் பணம் போகும். போட்டேன். பிரித்துப் பார்க்கலாம் என்று பெட்டியை எடுத்தால், கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, "சீல் போயிட்டா ஏஜெண்ட்டுகிட்ட வாரண்டி கேக்க முடியாதுண்ணே, சைட்டுக்குப் போய்ப் பிரிங்க" என்றான். என்ன அக்கறை! அந்த டீயை நினைத்தால்தான் எனக்கு இப்போது அதிகம் எரிகிறது.

குட்டு உடைந்தது ஒரு ஹோட்டல் விருந்து மண்டபத்தில். ஹாலோஜன் விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் பேனல். பாதி வெளிச்சத்தில் வைத்து அவுட்புட் பார்த்தால் என் புது மீட்டர் 115 காட்டுகிறது. கூட வேலை பார்க்கும் மலாய்க்கார நண்பரின் மீட்டர் அதே முனையில் 160ஐத் தாண்டுகிறது. ப்ரோபை மாற்றிப் பார்த்தோம், பேட்டரி மாற்றிப் பார்த்தோம், அதே கதை.

தொழிலில் இருப்பவர்களுக்கு இது போதும். ட்ரூ ஆர்எம்எஸ் என்று முகப்பில் அச்சடித்திருக்கிறான், உள்ளே இருப்பது சராசரியை எடுத்து 1.11ஆல் பெருக்கிக் காட்டும் மலிவுச் சரக்கு. சுத்தமான சைன் அலையில் இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும். அதனால்தான் ப்ளக் பாயிண்டில் வீடியோ எடுத்தான்! 15 வெள்ளி மீட்டரும் அங்கே 230ஐ ஒட்டித்தான் காட்டும். அலை வெட்டுப்பட்ட இடத்தில், அதாவது டிம்மரிலோ மோட்டார் டிரைவிலோ வைத்தால்தான் சாயம் வெளுக்கும்.

வீட்டுக்கு வந்து பின்மூடியைத் திறந்தேன். 10 ஆம்பியர் வழியில் மணல் நிரப்பிய தடித்த செராமிக் ஃபியூஸ் இருக்க வேண்டும். இருந்தது சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான கண்ணாடி ஃபியூஸ், உள்ளே கம்பி முடி மாதிரி தெரிகிறது. இன்புட் பக்கம் போர்டில் எம்ஓவி (திடீரென ஏறும் வோல்ட்டேஜைத் தாங்கும் பாதுகாப்புப் பாகம்) என்று எழுத்து அச்சாகியிருக்கிறது, அந்த இடத்தில் பாகமே இல்லை. ஈயம் வைக்காத இரண்டு ஓட்டைகள் மட்டும். இப்படிப்பட்ட கண்ணாடி ஃபியூஸ் தாங்கும் ஷார்ட் கரண்ட் பெரும்பாலும் 35 ஆம்பியர் அல்லது தன் அளவைப்போல் 10 மடங்கு, எது அதிகமோ அது. டிபியில், அதாவது கட்டடத்துக்குக் கரண்ட் பிரிந்து போகும் போர்டில், ஷார்ட் ஆனால் ஓடுவது ஆயிரக்கணக்கான ஆம்பியர். ப்ரோபை ஆம்பியர் ஓட்டையில் மறந்து வைத்துவிட்டு 400 வோல்ட்டைத் தொட்டால் மீட்டர் கையிலேயே வெடிக்கக்கூடும். இதற்குத்தான் கேட் த்ரீ என்று ஸ்டிக்கர் ஒட்டி 248 வெள்ளி வாங்கியிருக்கிறான்.

உடனே மெசேஜ் போட்டேன். முதல் பதில்: "பேட்டரி மாத்திப் பாருங்கண்ணே." மாற்றியாச்சு என்றேன். "உங்க ஃப்ரெண்டு மீட்டர்தான் தப்பா இருக்கும்." படம் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. பிறகு, "நான் ரீசெல்லர்தான்ணே, சப்ளையர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." பிறகு சப்ளையர் லீவாம். பணத்தைத் திருப்பிக் கொடு என்று அழுத்திக் கேட்டதும் அண்ணே போய்விட்டது: "மூடியத் திறந்துட்டீங்க, இனி நான் பொறுப்பில்ல." இன்று காலை பிளாக்.

ஆப்பில் புகார் செய்தால் முதலில் ரோபோ. ஆளைப் பிடித்தால், "பணம் ஆப்புக்கு வெளியே கைமாறியதால் எங்கள் பாதுகாப்பு பொருந்தாது" என்று ஒரே வரி. அந்த மீட்டர் கம்பெனியின் உள்ளூர் ஏஜெண்ட்டுக்கு சீரியல் நம்பர் அனுப்பினேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் அந்த நம்பர் அவர்கள் பதிவிலேயே இல்லை. சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 5,000 வெள்ளி வரை பயனீட்டாளருக்குக் கட்டணம் வெறும் 10 வெள்ளி. ஆனால் யார் மேல் போடுவது? என்னிடம் இருப்பது பேநவ் காட்டிய ஒரு பெயரும், எடுக்காத நம்பரும்தான். 248 வெள்ளியை எந்த முகவரிக்குப் போய்க் கேட்பேன்? வாங்கி 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போது அது இல்லை என்று விற்றவன்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2012லிருந்து லெமன் சட்டம் இருக்கிறது. அதுவும் வியாபாரியிடம் வாங்கினால்தான் செல்லும், தனி ஆள் விற்றதற்குக் கிடையாது. இப்போது கேட்டால், "சின்ன வியாபாரம்" என்று அன்று சொன்ன அதே வாயால் நான் தனி ஆள் என்பான்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். ரசீது கொடுக்கிற கடையில் வாங்குங்கள், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சிம் லிம் டவர் மாதிரி இடத்தில் கவுண்டரிலேயே பிரித்துப் பாருங்கள். பிரிக்க விடாதவனிடம் காசைக் காட்டவே வேண்டாம். சீரியல் நம்பரைப் பணம் கட்டும் முன்னால் ஏஜெண்ட்டிடம் கேளுங்கள். ப்ளக் பாயிண்ட் வீடியோவை நம்பாதீர்கள். கண்ணாடி ஃபியூஸ் தெரிந்தால் அந்த மீட்டரை டிபி பக்கமே கொண்டுபோகாதீர்கள். எந்த மீட்டராக இருந்தாலும், லைன் டெட் என்று முடிவு செய்வதற்கு முன்னாலும் பின்னாலும், கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு இடத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

அவன் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறான். வேறு பெயரில், அதே வீடியோ, அதே 231.4, விலை மட்டும் 239. போலீஸ் புகாருக்கு அந்தப் பக்கத்தையும் சேர்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இவனிடம் வேறு யாராவது வாங்கியிருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், சேர்ந்தே கொடுக்கலாம்.