மூன்று சர்வதேச அமைப்புகள்: ஒரு பெற்றோர் சங்கம் எதில் சேரலாம்?

அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காகச் சிறப்புப் பள்ளியோ தொழிற்பயிற்சி மையமோ நடத்தும் சங்கங்கள் கொஞ்சம் கால் ஊன்றியதும், "ஏதாவது ஒரு இன்டர்நேஷனல் அமைப்பில் சேரலாமே" என்ற பேச்சு செயற்குழுவில் வந்துவிடும். லெட்டர்பேடில் ஒரு லோகோ கூடும், சரி. பதிலுக்கு அவர்கள் நம்மிடம் என்ன கேட்பார்கள்? ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ், இன்குளூஷன் இன்டர்நேஷனல், லார்ஷ் ஆகிய மூன்றையும் அந்தக் கேள்வியோடு பார்ப்போம். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டுக்காக மட்டும் இயங்கும் அமைப்புகளுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அந்த உலகம் வேறு.

சேருவதற்கு எளிது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்தான். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சியும் போட்டிகளும் நடத்துவது இது. அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் முன்னின்று 1968 ஜூலையில் சிகாகோவில் தொடங்கியது. ஒரு நாட்டுக்கு ஒரு அங்கீகாரம் என்பது அவர்கள் முறை. எனவே நம் சங்கம் நேராக அமெரிக்காவுக்கு எழுத வேண்டியதில்லை. அதன் இந்திய அமைப்பான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத்தின் மாநிலக் கிளை வழியாகப் போனால் போதும். எட்டு வயது நிரம்பியவர்கள் போட்டிகளில் கலந்துகொள்ளலாம், வீரர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. திறன் வாரியாகப் பிரித்துப் போட்டி நடப்பதால், மெதுவாக ஓடுபவர் தன்னைப் போன்றவர்களோடுதான் ஓடுவார். 2023 பெர்லின் போட்டியில் இந்தியா 202 பதக்கம் வென்றது என்ற செய்தியையும் இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்: ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தங்கம் உண்டு.

பதக்கத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர்களுடைய மருத்துவப் பரிசோதனை முகாம்கள். 1997 முதல் கண், பல், காது எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். தனக்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்குச் சொத்தைப் பல் இருப்பது அங்கேதான் பல நேரம் வெளியே வரும். ஆனால் பதினெட்டு வயதுக்குப் பிறகு பிள்ளையின் வாழ்க்கை எப்படிப் போக வேண்டும் என்பதில் இந்த அமைப்பு தலையிடாது. அது அதன் வேலையும் அல்ல.

இன்குளூஷன் இன்டர்நேஷனல் நேர் எதிர்: கையில் எதுவும் தராது, ஆனால் நிறையக் கேட்கும். 1960இல் ஐரோப்பியப் பெற்றோர் சங்கங்களின் கூட்டமைப்பாகத் தொடங்கி, இன்று 200க்கும் மேற்பட்ட உறுப்பு அமைப்புகளோடு நிற்கிறது. பிரிட்டனின் மென்கேப், ஜெர்மனியின் லேபென்ஸ்ஹில்ஃபே எல்லாம் இப்படிப் பெற்றோர் கட்டியெழுப்பியவைதான். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை உருவானபோது அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களின் குரலாகப் பேசியது இந்த அமைப்பு. சிறுவயதில் நியூசிலாந்தின் காப்பகங்களில் வளர்ந்த ராபர்ட் மார்ட்டின் இதோடு சேர்ந்து உழைத்து, 2016இல் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். அறிவுத்திறன் குறைபாடு உள்ள ஒருவர் அந்தக் குழுவில் இடம்பெற்றது அதுவே முதல் முறை.

நம் ஊர்ச் சங்கங்களுக்கு இங்கேதான் உரசல் வரும். நம்மிடையே பெற்றோர் கூடினால் பேச்சு ஒரே இடத்தில் போய் நிற்கும்: "எங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்?" அதற்கு நாம் வைத்திருக்கும் விடைகள் இரண்டு. ஒன்று, பதினெட்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி வாங்கும் பாதுகாவலர் சான்றிதழ். இன்னொன்று, ஊருக்கு வெளியே நிலம் வாங்கிக் கட்டும் விடுதி. இரண்டுமே இன்குளூஷன் இன்டர்நேஷனலின் கொள்கைக்கு ஒத்துவராது. உடன்படிக்கையின் 12ஆவது பிரிவைக் காட்டி, அவருக்குப் பதிலாக முடிவெடுக்காதே, அவர் முடிவெடுக்க உதவு என்பார்கள். 19ஆவது பிரிவைக் காட்டி, ஊருக்கு நடுவே எல்லோரையும் போல வாழ வை என்பார்கள். இந்தியா 2007இல் இந்த உடன்படிக்கையை உறுதிசெய்த நாடு. ஆகவே "அது வெளிநாட்டுப் பேச்சு" என்று தள்ளிவிடவும் முடியாது. விடுதிக்கு அடிக்கல் நாட்டிவிட்டு இதில் சேர்வது வீண். சேர்வதானால் முதலில் செயற்குழுவில் அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேருக்காவது நாற்காலி போட வேண்டும். தயங்குகிற சங்கமாக இருந்தாலும் இந்த விவாதத்துக்காகவே சேரலாம் என்பது என் கட்சி. முழு உறுப்பினர் இடம் பெரும்பாலும் தேசிய அளவிலான அமைப்புகளுக்கு என்பதால், சிறிய சங்கம் இந்தியாவின் தேசியப் பெற்றோர் கூட்டமைப்பு வழியாக முயல்வது நல்லது.

"எங்களுக்குப் பிறகு" என்ற கேள்விக்கு ஒரு வீட்டையே விடையாகக் காட்டுவது லார்ஷ் மட்டும்தான். 1964இல் பிரான்ஸில் ட்ரோஸ்லி-ப்ரய் கிராமத்தில் ழான் வனியே ஆரம்பித்தது. இன்று சுமார் 150 இடங்களில் இருக்கிறது. இந்தியாவில் 1970இல் பெங்களூரில் ஆஷா நிகேதன் என்ற பெயரில் வந்தது; பிறகு சென்னை, கொல்கத்தா, கோழிக்கோடு பக்கமும். குறைபாடு உள்ளவர்களும் உதவியாளர்களும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில். ஷிப்டு முடிந்து கிளம்பும் ஊழியர்களை வைத்து நடத்துகிற சங்கம் இதில் சேர நினைக்கவே வேண்டாம். அது உறுப்பினராவது அல்ல, வாழ்க்கை முறையையே மாற்றுவது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வனியே பெண்களிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார் என்று அவர் இறந்த மறு ஆண்டு, 2020இல், லார்ஷே வெளியிட்டது. 2023 அறிக்கை குறைந்தது 25 பெண்கள் என்றது. அவர்களில் யாரும் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர் அல்ல. தானே விசாரித்துத் தானே வெளியிட்டதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு தனிமனிதரைச் சுற்றி எழுந்த எந்த அமைப்பிடமும் புகார் எங்கே கொடுப்பது என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அப்புறம் பணம். வெளிநாட்டு நிதி வரும் என்ற கனவில் சேர்பவர்கள் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்தைப் படித்துவிடுவது நல்லது. பதிவு பெற்ற ஒரு அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவே முடியாது. அதனால் டெல்லியிலோ பெங்களூரிலோ உள்ள தேசியக் கூட்டமைப்புக்கு வரும் காசு நம் ஊர்க் கிளைக்கு வராது. நம் சங்கமே பதிவு வாங்கி, பாரத ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளையில் கணக்குத் தொடங்க வேண்டும்.