மதிகேடன் போஸ்ட்கார்டு செட்: 5க்கு 2 ஸ்டார்

பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல 2024 அக்டோபர்லருந்து 2025 பிப்ரவரி வரைக்கும் பைத்தியக்காரன், கோமாளி படங்களுக்குன்னே ஒரு கண்காட்சி நடந்துச்சு, அங்கல்லாம் போக நமக்கு ஏது வசதி, அந்த ஏக்கத்துல ஆன்லைன்ல ஒரு கடையில இந்த 12 கார்டு செட்ட வாங்கிட்டேன். 1,150 ரூபா, டெலிவரி தனி. எல்லாமே இடைக்கால ஐரோப்பாவுல கையால எழுதின சங்கீதப் புத்தகங்கள்ல (பைபிள்ல இருக்கிற சங்கீதம்ங்கிற பக்திப் பாட்டுகள்தான், மியூசிக் புக் இல்ல) வர்ற மதிகேடன், அதாவது முட்டாளோட படம்.

பேப்பர் நல்ல கனம், ஓரம் மடங்காம வந்துச்சு. பாராட்டு அவ்ளோதான்.

பின்னாடி எல்லாத்துலயும் சங்கீதம் 52ன்னு போட்டிருக்கு. வீட்டு பைபிள்ல 52 எடுத்தா "பலவானே"ன்னு ஆரம்பிக்குது, மதிகேடனையே காணோம். அப்புறம்தான் தெரிஞ்சது, லத்தீன் பைபிள்ல நம்பர் ஒண்ணு கம்மியா ஓடுமாம், அவங்க 52தான் நம்ம 53. "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்", அட, சண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ண வசனம்!

லத்தீன்ல அது "டிக்ஸிட் இன்சிபியன்ஸ்"னு தொடங்கும், அந்த முதல் எழுத்து 'டி'யோட வயித்துக்குள்ளதான் ஆள வரைவாங்க. 13ம் நூற்றாண்டு ஆளுன்னா மொட்டத்தல, அரகொற துணி, ஒரு கையில தடி, இன்னொரு கையில உருண்ட ரொட்டி, அத கடிச்சுக்கிட்டே நிப்பான். ஜனங்கள அப்பம் திங்கிற மாதிரி திங்கிறாங்கன்னு அதே சங்கீதத்துல வருதுல்ல, அதான் ரொட்டி. சில படத்துல மேல மேகத்துலருந்து சாமி தலைய நீட்டி இவனையே பாத்துட்டிருக்கும், இவன் கீழ நின்னு சாமியே இல்லைங்கிறான், காமெடியே அங்கதான். இந்த செட்ல மேகத்த வெட்டிட்டாங்க, எழுத்தையும் வெட்டிட்டாங்க, மிச்சம் இருக்கிறது ரொட்டி திங்கிற ஒரு மொட்ட. ஒரு கார்டுல பிச்சைக்காரன்னு வேற பேர் போட்டிருக்கு.

தங்கம் இன்னொரு சோகம். ஒரிஜினல்ல தங்க ரேக்க ஒட்டி தேச்சு மெருகேத்துவாங்க, பக்கத்த சாய்ச்சா மின்னும். இதுல மஞ்சத்தூள கரைச்சு தடவுன மாதிரி இருக்கு.

கடைசி 3 கார்டு மட்டும் தப்பிச்சுது, 15ம் நூற்றாண்டு அரண்மனை கோமாளி, கழுதக்காது குல்லா, மணி, பழைய தடி இருந்த எடத்துல குட்டித்தல வச்ச குச்சி. அதுல ஒண்ணு இப்ப ஃப்ரிட்ஜ் மேல இருக்கு.

படம் பாத்தா போதும்னா பிரான்ஸ் தேசிய நூலகத்தோட காலிகா சைட்டுக்கு போங்க, இடைக்கால பிரெஞ்சு இளவரசர் ழானோட (பெரிங்கிற பகுதிக்கு டியூக்) சங்கீதப் புத்தகமே அங்க ஃப்ரீயா இருக்கு, நல்லா ஜூம் ஆகும்.

ஏன் இப்படி வெட்டுனீங்கன்னு கடைக்கு மெசேஜ் போட்டேன். "கார்டு சைஸுக்கு அடங்கல சார்"னாங்க. ரொட்டி மட்டும் அடங்கிருக்கு.