பையனைப் பார்த்தா நல்லாத்தானே இருக்கான்?

இங்கிலாந்துல இருந்து லீவுக்கு ஊருக்குப் போனதுல கல்யாணம், கோயில், சொந்தபந்தம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, அதை விடுங்க. நான் புலம்ப வந்தது அக்கா பையன் விஷயம். பத்தாவது படிக்கிறான், டிஸ்லெக்சியா, அதாவது படிக்க எழுத சிரமப்படுற கற்றல் குறைபாடு. வாயால கேட்டா பாடம் மொத்தத்தையும் சொல்லுவான், எழுத உட்கார்ந்தா பாதி எழுத்தக் காணோம். பொதுத்தேர்வு சலுகைக்கு ஒரு ஆபீஸ்ல பேப்பர் கொடுக்கணும்னு அக்கா சொன்னா, நானும் கூடப் போனேன்.

அங்க இருந்தவரு கவர்மென்ட் ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டை முன்னையும் பின்னையும் திருப்பிப் பார்த்துட்டு, "பையனைப் பார்த்தா நல்லாத்தானேம்மா இருக்கான்"னாரு. அதோட விட்டிருந்தா பரவால்ல. மேஜைல கிடந்த நியூஸ் பேப்பரை எடுத்து, "எங்க தம்பி, இதைப் படி"ன்னாரு! சுத்தி அத்தனை பேரு. இவன் விரலை வரிக்குக் கீழ வச்சு ஓட்டுறான், "உச்ச..."ன்னு நிக்குது, அப்புறம் மேல இருந்த போட்டோவைப் பார்த்து ஏதோ ஊகிச்சு சொல்றான். அவரு சிரிச்சுக்கிட்டே, "செல்போன்ல மட்டும் நல்லா படிப்பே, என்ன?"

எனக்கு வந்த கோவம் இருக்கே. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருந்தது ஏழு வகைக் குறைபாடு, அதுல கற்றல் குறைபாடு கிடையாது, சரி. 2016 சட்டத்துல 21 வகை, அதுல டிஸ்லெக்சியான்னு பேரு போட்டே இருக்கு. தமிழ்நாட்டுல சொல்வதை எழுதுபவர், கூடுதலா ஒரு மணி நேரம், ஒரு மொழிப் பாடத்துல விலக்குன்னு தர்றாங்க. இங்க இங்கிலாந்துல பரீட்சைக்குப் பொதுவா 25 சதவீதம் நேரம்தான் கூடக் கொடுப்பான். காகிதத்துல நாம ஒண்ணும் குறைஞ்சவங்க இல்ல, அந்த மேஜைக்கு வந்தாதான் எல்லாம் கேலியாகிடுது.

இங்க மட்டும் என்ன வாழுதுன்னு கேப்பீங்க. ஸ்கூலுக்கு ஸ்கூல் இதுக்குன்னே ஒரு டீச்சர் உண்டு, தனி ரூம்ல உட்கார வச்சு பேசுவாங்க, பிள்ளையை நாலு பேரு முன்னாடி படிக்க வைக்க மாட்டாங்க. ஆனா பிள்ளைக்கு என்னென்ன உதவி தரணும்னு உள்ளூர் கவுன்சில்ல கேட்டு வாங்குற பிளான், 20 வாரத்துல முடியணும்னு ரூல், அதுக்குள்ள கிடைச்சவங்களை எனக்குத் தெரிஞ்ச வட்டத்துல தேடணும். மரியாதையா இழுத்தடிப்பாங்க, அவ்ளோதான்.

அன்னைக்குக் காப்பாத்தினது, வேற வேலையா அங்க வந்திருந்த வட்டார வள மையத்து (கல்வித்துறையோட வட்டார ஆபீஸ்) சிறப்புப் பயிற்றுநர் ஒரு மேடம். பேப்பரை அவன் கையில இருந்து வாங்கி மடிச்சு வச்சுட்டு, "சார், கண்ணாடி போட்ட பையன்கிட்ட அதைக் கழட்டிட்டுப் படின்னு சொல்லுவீங்களா?"ன்னாங்க. மனுஷன் கப்சிப். அவங்களே பைலை அடுக்கி, விட்டுப்போன ஜெராக்ஸைச் சொல்லி, சீல் வாங்கிக் கொடுத்துட்டு, பையனைத் தனியா கூப்பிட்டாங்க. "சலுகை ஆர்டர் வர்ற வரைக்கும் சும்மா இருக்காத, வாயால சொல்லி இன்னொருத்தரை எழுத வைக்கிறதுக்கும் பழக்கம் வேணும். எங்க பாரா மாத்தணும், படத்துல எங்க கோடு போடணும், எல்லாம் நீதான் சொல்லணும், அவங்களா எழுத மாட்டாங்க"ன்னாங்க. இதை எங்களுக்கு ஸ்கூல்ல ஒருத்தரும் சொல்லல. அவங்க ஒரே ஆளு பஸ் புடிச்சு எத்தனை ஸ்கூல் பார்க்குறாங்களோ.

ஆர்டர் இன்னும் வரல, போன் பண்ணா "மேல அனுப்பியாச்சு". இப்போ தினம் சாயங்காலம் அக்கா எழுதுறா, இவன் சொல்றான். நேத்து வீடியோ கால்ல ஒரே சண்டை, "நான் சொன்னதை மட்டும் எழுதும்மா, நீயா எதையும் சேர்க்காத"ங்கிறான்.