அரசா, சந்தையா, நாமேவா? ரங்கூனிலிருந்து ஓர் அலசல்

எங்கள் தெருவில் தண்ணீர் மோட்டார் ஓட வேண்டும். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மூன்று வழிகள் இருந்தன. அரசு லைனை நம்பிக் காத்திருக்கலாம். ஜெனரேட்டர் வைத்திருப்பவரிடம் மாதக் கட்டணம் கட்டி வயர் இழுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வீடு பணம் போட்டு சோலார் தகடும் பேட்டரியும் வாங்கி நாமே நடத்தலாம். நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். அந்த முடிவை ஒட்டி எழுந்த வாக்குவாதம், அரசு வேண்டுமா, சுதந்திரச் சந்தை போதுமா, இரண்டும் இல்லாமல் மக்களே கூடி வாழ முடியுமா என்ற பெரிய கேள்விக்குப் போய்விட்டது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மூன்றாவதன் பக்கம், அதாவது அரசின்மைவாதிகள் சொல்வதற்கு நெருக்கமான பக்கம்.

கொள்கை வாதங்கள் எல்லோரும் அறிந்தவை. அரசு இல்லாவிட்டால் வலுத்தவன் இளைத்தவனை நசுக்குவான் என்பார்கள். சந்தை விலையில் இருக்கும் தகவல் எந்த அதிகாரிக்கும் எட்டாது என்பார்கள். மேலிருந்து ஆணை வராமலே மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவி வாழக்கூடியவர்கள் என்று ரஷ்யச் சிந்தனையாளர் கிரொபோட்கின் வாதிட்டார். மூன்றிலும் உண்மை உண்டு. எனக்கு முடிவைத் தந்தது வேறொரு கேள்வி: தப்பு நடந்தால், பதில் சொல்ல வேண்டிய ஆள் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறாரா?

சந்தையின் பலத்தை பர்மாவில் வாழ்ந்த யாரும் மறுக்க மாட்டார்கள். ராணுவ ஆட்சியாளர் நே வின் காலத்தில் அரசுக் கடைகள் காலியாகக் கிடந்தபோது, சோப்பும் மாத்திரையும் துணியும் தாய்லாந்து எல்லை வழியாகக் கள்ளச் சந்தைக்கு வந்து சேர்ந்தன. 2022இல் ஒரு டாலருக்கு 2,100 கியாட் (பர்மியப் பணம்) என்று மத்திய வங்கி விலை கட்டியது. சந்தை அதைக் கேட்கவில்லை, இரண்டே வருடத்தில் வெளிச் சந்தையில் அது 4,000ஐத் தாண்டியது. ஜெனரேட்டர்காரரையும் பாருங்கள், மெஷின் நின்றால் அவருக்கு வருமானம் நின்றுவிடும். அதனால் மறுநாளே ரிப்பேர் ஆகிவிடும்.

ஆனால் நம் தமிழர்களின் பெயர் சேர்ந்த ஒரு சரித்திரம் இந்தப் பேச்சில் வந்தே தீரும். 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938இல் அது சுமார் 25 சதவீதம். அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்ல. உள்ளூர் வட்டிக்காரர்களைவிடக் குறைந்த வட்டிக்குத்தான் பெரும்பாலும் கொடுத்தார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் அடைபடாமல் நின்றது, அடமான நிலம் கைமாறியது. அந்தப் பர்மிய விவசாயி யாரிடம் போய்ப் பேசியிருக்க முடியும்? அவர் எதிரே இருந்தவர் மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்த ஏஜென்ட். முதலாளி கடலுக்கு அப்பால் செட்டிநாட்டில். நிலத்தை வாங்கிக் கொடுத்தது பிரிட்டிஷ் சட்டமும் நீதிமன்றமும். அரசு தலையிடாத சந்தை என்று நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் இதைத்தான் கேட்கிறேன். அந்த நீதிமன்றம் இல்லாமல் ஓர் ஏக்கர் கைமாறியிருக்குமா?

அடுத்து முழு அரசு. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமை ஆயின. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தலைமுறையாக இங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் வெறுங்கையோடு சென்னைக்குக் கப்பல் ஏறின. 1987இல் மறுபடியும் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடு எதுவும் இல்லாமல் ரத்தாயின. அப்போது நஷ்டப்பட்டவர்களில் இந்தியர்களைவிட பர்மியர்களே அதிகம். கடையை இழந்தவர் முறையிட ஓர் ஆளாவது இருந்தாரா? செட்டியாரின் ஏஜென்டிடமாவது கெஞ்சிப் பார்க்கலாம். அரசாணையிடம் அதுவும் நடக்காது.

கிராமங்களில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். மின்கம்பத்துக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் ஊர்க்குழுவே பணம் திரட்டிப் போடும் வழக்கம் இங்கே நெடுநாளாக உண்டு. வேலை முடிந்ததும் அது அரசுச் சொத்தாகிவிடும். பணம் ஊராருடையது, பொறுப்பு மட்டும் எங்கோ ஓர் அலுவலகத்துக்குப் போய்விடுகிறது.

மூன்றாவது வழிக்கு பர்மாவில் சாட்சி குறைவில்லை. 2001இல் நடிகர் சோ தூவும் மற்றவர்களும் தொடங்கிய இலவச ஈமச்சடங்குச் சங்கம் சாதி, மதம் பார்க்காமல் ஏழைகளின் சடலங்களை அடக்கம் செய்கிறது. 2008இல் நர்கிஸ் புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். ராணுவ அரசு வெளிநாட்டு உதவியைத் தடுத்துக்கொண்டிருந்த நாட்களில் ரங்கூன்வாசிகள் தங்கள் கார்களிலேயே அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு, புயல் அடித்த ஐராவதி டெல்டாவுக்குப் போனார்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்திலும் மண்டலையிலும் சகாயிங்கிலும் இடிபாடுகளை வெறுங்கையால் தோண்டியவர்கள் அக்கம்பக்கத்தவர்கள்தான்.

இவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்பதற்காக நான் இந்தப் பக்கம் நிற்கவில்லை. எங்கள் தெருக்குழுவில் பொருளாளர் பில்லைக் காட்டாவிட்டால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். அடுத்த கூட்டத்தில் ஆளை மாற்றலாம். இந்த ஊர்க் கோயில்களின் கணக்கும் அப்படித்தான் நடக்கிறது. கொன்சேதான் தெருக் காளி கோயில் 1871இல் கட்டியது, எத்தனையோ ஆட்சிகளைப் பார்த்துவிட்டது.

குறையும் இருக்கிறது. மோட்டார் பழுதானால் ஜெனரேட்டர்காரரின் வேகம் எங்களுக்கு வராது. கூட்டம் கூடி, பேசி, சரி என்று முடிவாக வேண்டும். சந்தா கட்ட முடியாத வீட்டார் தண்ணீர் பிடிக்க வரவே கூச்சப்படுகிறார்கள். எட்டும் தூரத்தில் இருப்பவர்களின் பார்வையே அவர்களுக்குப் பாரமாகிவிடுகிறது. அந்த வீடுகளுக்குச் சந்தா வேண்டாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், குழு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பேட்டரியை மாற்ற வேண்டிய நாளும் இன்னும் வரவில்லை. அந்தப் பெரிய செலவு வரும்போது எல்லா வீடும் பணம் போடுமா என்பதற்கு என்னால் இப்போது உறுதி தர முடியாது.

நர்கிஸ் இன்னொன்றையும் காட்டியது. புயல் வருகிறது என்று இந்திய வானிலைத் துறை பர்மாவுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்திருந்தது. டெல்டா கிராமங்களுக்கு அது உரிய முறையில் போய்ச் சேரவில்லை. செயற்கைக்கோளும் வானிலை மையமும் எந்தத் தெருக்குழுவாலும் நடத்த முடியாது. நோட்டு அச்சடிப்பது, தொற்றுநோய் தடுப்பு, ரயில் எல்லாம் அப்படித்தான். அவற்றுக்கு ஓர் அரசு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட்டால் பதில் சொல்லும் அரசின் கீழ் நீண்ட நாள் வாழ்ந்த அனுபவம் எனக்கு இல்லை. அது கிடைத்தவர்கள், மொரிஷியஸில் இருக்கும் என் உறவினர்கள் போல, அரசுக்கு இன்னும் அதிக இடம் கொடுப்பார்கள். அவர்களோடு நான் சண்டை பிடிக்க மாட்டேன். ஆனால் தண்ணீர், விளக்கு, சாவு, பசி என்ற அளவில் எங்கள் தெருப் பணத்தை வேறு யார் கையிலும் கொடுக்கச் சம்மதிக்க மாட்டேன்.