பாவோஃபெங் யூவி-5ஆர்: மதுரையில் ஹாம் ரேடியோ தொடங்க இது போதுமா?

லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ அலையில் பேசிக்கொள்வதுதான் ஹாம் ரேடியோ. அதில் இறங்க நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் விசாரிப்பது இந்தச் சின்ன செட்டைத்தான். விலை குறைவு, விஎச்எஃப், யூஎச்எஃப் என்ற இரண்டு அலைவரிசைப் பகுதிகளும் உண்டு, 128 சேனல் பதிந்து வைக்கலாம், பவர் 4 வாட் சொச்சம், போதாததற்கு டார்ச்சும் எஃப்எம் ரேடியோவும். இதையெல்லாம் எல்லா வீடியோவிலும் சொல்லிவிடுகிறார்கள். மதுரையில் உட்கார்ந்துகொண்டு இதில் யாரோடு பேச முடியும் என்று யாரும் சொல்வதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் செட். லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரைக் கையில் வைத்திருப்பதே சட்டப்படி தவறு. லைசென்ஸ் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் ஆன்லைனில் வாக்கி டாக்கி விற்றுக்கொண்டிருந்ததால் 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கென்றே தனி வழிகாட்டுதல் கொண்டுவர வேண்டியிருந்தது. 12 வயது நிரம்பியிருந்தால் தேர்வு எழுதலாம், விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் (புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் முறை) கிடையாது, ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். லைசென்ஸோடு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாளப் பெயர்தான் கால்சைன், நம் ஊர் கால்சைன்களில் வியூ3 என்று தொடங்கினால் ரெஸ்ட்ரிக்டட், வியூ2 என்றால் ஜெனரல். வினாத்தாளில் தியரி ஒரு பகுதி, விதிமுறை ஒரு பகுதி. ஓம் விதி, ரெசொனன்ஸ், மாடுலேஷன் எல்லாம் பிளஸ் டூ இயற்பியல் நன்றாகப் படித்தவருக்குப் புதிதில்லை. விதிமுறையைத்தான் பலர் கடைசி நாளில் புரட்டுகிறார்கள். ரேடியோவில் பேசும்போது பயன்படும் சுருக்கக் குறிகளும் அதில் உண்டு: கியூடிஎச் என்றால் இருக்கும் இடம், கியூஆர்எம் என்றால் மற்ற ஸ்டேஷன்களால் வரும் இடைஞ்சல், கியூஆர்என் என்றால் இடி மின்னலால் வரும் இரைச்சல். பாட்டு ஒலிபரப்பக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, யாரோடு எப்போது பேசினோம் என்று லாக் புத்தகம் எழுத வேண்டும். இதையெல்லாம் வெறுமனே மதிப்பெண்ணுக்காகப் படிக்காதீர்கள், மைக்கைக் கையில் எடுத்த முதல் நாளே தேவைப்படும்.

சரி, செட்டுக்கு வருகிறேன். காசுக்கு நல்ல செட். பேட்டரி எனக்குத் தாராளமாக நிற்கிறது, எதிராளிக்குக் குரல் தெளிவாகவே போகிறது. கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. இது 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வைத்து அழுத்தினாலும் டிரான்ஸ்மிட் ஆகும், நமக்கு அனுமதி உள்ளதோ 144 முதல் 146 வரைதான். யூஎச்எஃப்பில் 434 முதல் 438. மற்ற இடங்களில் அரசுத் துறைகள் பேசிக்கொண்டிருக்கும். அதனால் வாங்கியதும் சிர்ப் என்ற இலவச மென்பொருளில் நம் சேனல்களை மட்டும் ஏற்றிவிடுங்கள். செட்டின் சின்ன கீபேடில் ஒவ்வொன்றாக அடிப்பது பொறுமையைச் சோதிக்கும், செட்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கேபிளுக்குக் கொஞ்சம் காசு போனாலும் பரவாயில்லை. இன்னொன்று, ரிசீவர் முழுக்க ஒரே சிப்பில் அடங்கியது. பக்கத்தில் பலமான டிரான்ஸ்மிட்டர் இருந்தால் இந்த வகை ரிசீவர் திணறும்.

ஆனால் செட் நன்றாக இருந்து என்ன, கூட வரும் ரப்பர் ஆன்டெனாவோடு வீட்டுக்குள் நின்று அழுத்தினால் அடுத்த தெருவைத் தாண்டுவதே பெரிய காரியம். விஎச்எஃப் அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில்தான் போகும். ஒத்தக்கடையில் யானைமலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற இரண்டு பேர் இதை வைத்துப் பேசிவிட முடியாது. கொடை எஃப்எம் 100.5 மதுரை வரைக்கும் எப்படிக் கேட்கிறது? ஆன்டெனா மலை உச்சியில் இருப்பதால். கொடைக்கானலில் உள்ள ஹாம் ரிப்பீட்டருக்கும், அதாவது நம் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையத்துக்கும், அதே வசதி உண்டு. நம் சிக்னலை அங்கே கொண்டு சேர்த்துவிட்டால் போதும், மிச்சத்தை மலை பார்த்துக்கொள்ளும். ரிப்பீட்டருக்கு 600 கிலோஹெர்ட்ஸ் ஆஃப்செட்டும் (நாம் அனுப்பும் அலைவரிசைக்கும் கேட்கும் அலைவரிசைக்கும் உள்ள இடைவெளி) அதற்குரிய டோனும் (ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லிய ஒலிக்குறி) போட்டிருக்க வேண்டும்.

செட் வாங்குவது பற்றி ஒரு மூத்த ஹாமிடம் யோசனை கேட்டபோது அவர் சொன்னது: “தம்பி, செட்டு எதுவா வேணா இருக்கட்டும், மொட்டை மாடியில என்ன நிக்குது, அதச் சொல்லு.” என் அனுபவமும் அதுதான். விலை கூடிய செட்டுக்குப் போகிற காசை ஆன்டெனாவில் போடுங்கள். 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீள ஆன்டெனாக் கம்பி ஏறக்குறைய 49 சென்டிமீட்டர். அந்த நீளத்தில் நிமிர்ந்து ஒரு கம்பி, கீழே சாய்வாக நாலு கம்பி, நடுவில் ஒரு சாக்கெட், ஒரு மதியப் பொழுதில் செய்துவிடலாம். ஆன்டெனாவிலிருந்து செட்டுக்கு வரும் கேபிளில் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 15 மீட்டர் இழுத்தால் கிட்டத்தட்டப் பாதி பவர் வழியிலேயே போய்விடும், தடித்த ஆர்ஜி-213 நல்லது, இல்லையென்றால் மாடியிலேயே நின்று பேசுங்கள். டிஷ் டிவி கேபிள் 75 ஓம், நமக்குத் தேவை 50 ஓம், கடையில் கேட்டு வாங்குங்கள். செட்டின் தலையில் எஸ்எம்ஏ என்ற சின்ன திருகு இணைப்பின் ஆண் வகை (male) இருக்கும், அதற்குப் பொருந்தும் அடாப்டரும் வேண்டும்.

மாடிக்கு வந்தபின் 145.800-ஐயும் ஒரு சேனலில் போட்டு வையுங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் போகும்போது அங்கிருந்து பள்ளிப் பிள்ளைகளோடு பேசுவது சில சமயம் இதில் விழும். வேகமாக நகர்வதால் அதிகபட்சம் பத்து நிமிஷம்தான் கிடைக்கும், ஆனால் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் குரலை இந்தக் குட்டி செட்டில் கேட்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

லைசென்ஸ் நகல் கேட்கிற விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் இதை இடுப்பில் மாட்டிக்கொண்டு போனால் போலீஸ் விசாரிக்கத்தான் செய்வார்கள், இரண்டின் நகலும் கையில் இருக்கட்டும். ஐப்பசியில் வானம் இருட்டத் தொடங்கியதும் மாடியிலிருந்து வரும் கேபிளை செட்டிலிருந்து கழற்றிவிடுங்கள், முதல் இடி கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.